பந்தின் இரு பக்கங்கள்

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பாதையை அண்டிய தோட்டமொன்றில் வசிக்கும் உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். பகலுணவு முடிந்து, தேநீரும் அருந்திய பின், லயங்களுக்குக் கீழே பிள்ளைகள் எழுப்பிய ஆரவாரம் என்னை மெல்ல அவ்விடம் இழுத்துச் சென்றது. கிரிக்கெட் ஆட்டம் நடந்து கொண்டிருந்தது.

மைதானம் என்றதும் வாசகர்கள் பெரியதொரு வெளியை எண்ணிவிட வேண்டாம். ஒரு புறம் தேயிலைச் சரிவு; மறுபுறம் சீமெந்துக் கான்; இடையே மலையைச் சீவிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம். பந்து கான் பக்கமாக உருண்டுவிட்டால், அதைத் தேடி எடுத்து வருவதற்குள் துடுப்பாட்டக்காரர் நின்ற இடத்திலேயே ஒரு பாட்டுப் பாடி முடித்து விடலாம். ஆயினும் ஆட்டத்தில் குறையொன்றும் இல்லை. நடுவர் உண்டு, ஓட்டக் கணக்கு எழுதுபவர் உண்டு, நடுவரோடு வாதாடுபவரும் உண்டு.

கானின் ஓரத்தில் பதினாறு வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் தன் முறைக்காகக் காத்திருந்தான். அவன் கையில் சிவப்புத் தோற்பந்து ஒன்று. அதன் ஒரு பக்கத்தைக் காற்சட்டையில் விடாமல் தேய்த்துக் கொண்டிருந்தான். பிறகு இரு புறமும் ஒருமுறை பார்த்து விட்டு, பந்தைத் திருப்பி, மற்றப் பக்கத்தைக் கானின் சீமெந்து விளிம்பில் பரபரவென்று உரசினான். நான் அருகில் நிற்பதைக் கண்டதும் கை நின்று விட்டது.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியன் என்பதை அவன் யார் மூலமோ அறிந்திருந்தான். எழுந்து நின்று கேட்டான்:

“சேர், பார்த்து விட்டீர்களா? இப்படித் தேய்த்தால் பந்து உண்மையிலேயே காற்றில் வளையுமா? இது பிழையா?”

ஒரே மூச்சில் இரண்டு கேள்விகள். முன்னது பௌதிகவியலைச் சார்ந்தது. பின்னது நெஞ்சைச் சார்ந்தது. இவ்வளவு அவசரமாக ஏன் கேட்கிறாய் என்று வினவினேன். இரண்டு வாரத்தில் பதுளையில் இளைஞர் அணியொன்றுக்குத் தேர்வு நடக்கவிருக்கிறதாம். தோட்டத்திலிருந்து அவன் ஒருவனுக்கே அழைப்பு வந்திருக்கிறது.

“ஆறு பந்துதான் தருவார்களாம், சேர். அதில் ஒன்றாவது வளைய வேண்டும். இல்லாவிட்டால் என்னை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?”

அவனுடைய தாயார் கொழுந்து பறிப்பவர். அவன் கையிலிருந்த பந்தோ பிள்ளைகள் பலர் சில்லறை சேர்த்து வாங்கியது. எனவே அவன் கேள்வியைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அன்று அவனுக்குச் சொன்னவற்றையும், வீடு திரும்பும் வழியில் என் நினைவுக்கு வந்தவற்றையும் இவ்வாரம் வாசகர்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

தோலும் தையலும்

கிரிக்கெட் பந்தின் நடுவில் இருப்பது தக்கை. அதன்மேல் நூலை இறுகச் சுற்றி, வெளியே தோலைப் போர்த்தித் தைத்திருப்பார்கள். ஆடவர் ஆடும் பந்தின் எடை 155.9 கிராமுக்கும் 163 கிராமுக்கும் இடையில் இருத்தல் வேண்டும். சுற்றளவு 22.4 சென்றிமீற்றர் முதல் 22.9 சென்றிமீற்றர் வரை. நடுவே பந்தைச் சுற்றி ஓடும் ஆறு வரிசைத் தையல், தோலின் மட்டத்துக்குச் சற்று மேலே எழும்பி நிற்கும்.

இதிலே ஒரு விந்தையுண்டு. மேசைப்பந்து, டென்னிஸ் முதலிய ஆட்டங்களில் பந்து பழுதானால் மாற்றி விடுகிறார்கள். கிரிக்கெட்டிலோ பந்து முதுமையடைவதும் ஆட்டத்தின் ஒரு பகுதி. டெஸ்ட் ஆட்டங்களில் 80 ஓவர்கள் முடிந்த பின்னரே புதுப்பந்து கேட்க முடியும். அதுவரை அதே பந்து தரையில் தேய்ந்து, துடுப்பில் அடிபட்டு, எல்லைக் கோட்டுப் பலகையில் மோதி நிறம் மாறுகிறது. இந்தத் தேய்மானத்தை ஆட்டக்காரர்கள் ஒரு பக்கத்தில் தடுத்து, மறு பக்கத்தில் அதன் போக்கில் விட்டு விடுகிறார்கள். ஒரு பக்கம் வியர்வையும் துணியும் பட்டுப் பளபளக்கிறது. மற்றது வறண்டு கரடாகிறது. ஒரே பந்துக்கு இரண்டு முகங்கள் உண்டாகி விடுகின்றன.

மேற்பரப்பு மாறினால் தன்மையும் மாறும் என்பது மலையக மக்களுக்குப் புதிய செய்தியன்று. தேயிலைத் தொழிற்சாலையில் வாடவிட்ட கொழுந்தை இயந்திரத்திலிட்டுச் சுருட்டுவது எதற்காக? இலையின் நுண்ணறைகளை நசுக்கி, சாற்றை வெளிக்கொணர்ந்து, காற்று அதில் வேலை செய்ய வழி திறப்பதற்காகத்தான். பந்திலும் காற்றே வேலை செய்கிறது. ஆனால் அங்கே நடப்பது வேறு விதமான வேலை.

காற்றின் கணக்கு

பந்து முன்னோக்கிச் செல்லும்போது அதன் தோலை ஒட்டிக் காற்றின் மெல்லிய படலம் ஒன்று ஓடுகிறது. வழுவழுப்பான பக்கத்தில் அப்படலம் கலங்காமல், அடுக்கடுக்காக, அமைதியாக ஓடும். பார்ப்பதற்கு ஒழுங்கானதாயினும் அதற்குத் தெம்பு குறைவு. ஆகவே பந்தின் பின்பக்கம் வரை ஒட்டிச் செல்ல இயலாமல் முன்னதாகவே பிரிந்து விடுகிறது.

தையல் சாய்ந்திருக்கும் பக்கத்திலோ, கரடான பக்கத்திலோ நிகழ்வது வேறு. அங்கே படலம் தடுக்குண்டு கலங்குகிறது. கலங்கிய படலம் வெளியே ஓடும் வேகமான காற்றை இடைவிடாமல் தன்னுள் இழுத்துக் கொள்வதால் அதற்கு வலு கூடுகிறது. எனவே தோலை விடாமல் பற்றிக் கொண்டு பின்பக்கம் நெடுந்தூரம் சென்ற பிறகே பிரிகிறது.

ஒரு பக்கத்துக் காற்று முந்தியும், மறு பக்கத்துக் காற்று பிந்தியும் பிரிவதால், பந்தின் பின்னே செல்லும் காற்று நேராகச் செல்லாமல் வழுவழுப்பான பக்கம் நோக்கி ஒதுக்கப்படுகிறது. காற்றைப் பந்து ஒரு புறம் தள்ளினால், காற்று பந்தை எதிர்ப்புறம் தள்ளும். இது நியூட்டனின் மூன்றாம் விதி. பாடசாலையில் நாம் மனனம் செய்து ஒப்புவித்த விதியேதான். ஆகவே பந்து தையல் சாய்ந்த பக்கம் நோக்கி, அல்லது கரடான பக்கம் நோக்கி வளைகிறது. இதுவே ‘ஸ்விங்’ எனப்படும் வழக்கமான வளைவு. இதற்கு அசுர வேகம் வேண்டியதில்லை. மணிக்கு ஏறத்தாழ 110 கிலோமீற்றர் வேகமே இதற்கு மிகவும் உகந்ததென ஆய்வாளர் கண்டிருக்கின்றனர்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. அதனை ‘ரிவர்ஸ் ஸ்விங்’ என்பர். தமிழில் மறுதலை வளைவு என்று சொல்லலாம். பந்து மிக வேகமாக வரும்போது காற்றுப் படலம் தையலை எட்டுவதற்கு முன்பே தானாகக் கலங்கி விடுகிறது. இரு பக்கமும் கலங்கிய நிலையில் தையல் உதவி செய்வதற்குப் பதிலாக உபத்திரவம் செய்கிறது. படலத்தைத் தடிக்கச் செய்து அதன் வலுவைக் குறைத்து விடுகிறது. ஆகவே தையல் உள்ள பக்கத்துக் காற்று இப்போது முந்திப் பிரிகிறது. பந்து தையலுக்கு எதிர்ப்புறம் வளைகிறது. புதுப்பந்தில் இதனை உண்டாக்க மணிக்கு 140 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகம் தேவை. ஒரு பக்கம் நன்றாகக் கரடாகிவிட்ட பழைய பந்திலோ அதைவிடக் குறைந்த வேகத்திலேயே அது கைகூடும். அப்போது பந்து பளபளப்பான பக்கம் நோக்கித் திரும்பும்.

இந்த நுட்பங்களைக் காற்றுச் சுரங்கத்தில் பந்தை வைத்து ஆராய்ந்து விளக்கியவர்களுள் முக்கியமானவர் ரவீந்திர மேத்தா. இவர் லாகூரில் இம்ரான் கானோடு ஒரே பாடசாலையில் பயின்று, அவருடன் பந்து வீசியவர். பின்னர் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தில் விஞ்ஞானியாகப் பணியாற்றியவர். பாடசாலை மைதானத்தில் எழுந்த ஐயம் விஞ்ஞானக் கூடம் வரை சென்ற கதை இது. படிப்பு வேறு, விளையாட்டு வேறு என்று பிள்ளைகளை அதட்டும் பெற்றோர் இதனைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

கரடுமுரடு தந்த கலை

மறுதலை வளைவு செல்வந்தர் மைதானங்களில் பிறந்த கலையன்று. பாகிஸ்தானின் வறண்ட, புல்லற்ற மைதானங்களில் பந்தின் பளபளப்பு விரைவில் போய்விடும். பளபளப்புப் போன பந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சிந்தித்தவர்களே இதைக் கண்டறிந்தார்கள். இக்கலையின் முன்னோடியாகச் சொல்லப்படுபவர் சர்பராஸ் நவாஸ். 1979ஆம் ஆண்டு மெல்போர்னில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 86 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் அவர். அவரிடமிருந்து இம்ரான் கானும், இம்ரானிடமிருந்து வாசிம் அக்ரமும் வக்கார் யூனிஸும் இதனைக் கற்றனர். 1992ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் வாசிம் அக்ரம் அடுத்தடுத்த இரு பந்துகளில் அலன் லேம்பையும் கிறிஸ் லூயிஸையும் வீழ்த்தியதை அறிந்தோர் இன்றும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அதே 1992இல் பாகிஸ்தான் அணி இங்கிலாந்தில் ஆடியபோது, பந்தைப் பழுதாக்கி விட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அங்குள்ள பத்திரிகைகளில் உரத்து ஒலித்தது. 2005இல் இங்கிலாந்துப் பந்து வீச்சாளர்கள் அதே மறுதலை வளைவைக் கொண்டு அவுஸ்திரேலியாவை வென்றபோதோ அது கலையெனப் போற்றப்பட்டது. தனக்குத் தெரியாத வித்தையை அயலான் செய்தால் மோசடி. தானே கற்றுக்கொண்ட பின் அது திறமை! உலக இயல்பு இது.

நம் நாட்டிலும் பழைய பந்தின் நெளிவு சுளிவு அறிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். இடக்கையால் வீசிய சமிந்த வாஸ் டெஸ்ட் ஆட்டங்களில் 355 விக்கெட்டுகளையும், ஒருநாள் ஆட்டங்களில் 400 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். அவர் மின்னல் வேகத்தில் வீசியவரல்லர். மணிக்கட்டும், தையலின் நிலையும், பந்தைப் பேணிய பொறுமையுமே அவருடைய ஆயுதங்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து வந்தவரின் பேரனான முத்தையா முரளிதரன், கண்டியில் பாடசாலை நாட்களில் மிதவேகப் பந்து வீச்சாளராகவே தொடங்கினார். பயிற்றுநரின் ஆலோசனைப்படி சுழற்பந்துக்கு மாறி, 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எட்டினார். இவர்கள் இருவரும் கையில் கிடைத்த பந்தை ஆளக் கற்றவர்கள்.

எல்லைக்கோடு எங்கே?

இனி அந்தப் பையனின் இரண்டாவது கேள்வி. பந்தின் மேற்பரப்பை மாற்றுவது பிழையா?

ஒவ்வோர் ஆட்டமும் இதற்கு ஒவ்வொரு விடை சொல்கிறது. மேல்நாடுகளில் பத்துக் கட்டைகளை உருளைப் பந்தால் வீழ்த்தும் ‘பௌலிங்’ என்றோர் ஆட்டமுண்டு. அதில் ஆடுவோர் தம் பந்தின் மேற்பரப்பைப் பல தரத்து மணற்கடதாசிகளால் தேய்த்து மங்கச் செய்வர், அல்லது மெருகேற்றுவர். மங்கிய பந்து எண்ணெய் பூசிய பலகைத் தளத்தை முன்னதாகவே பற்றித் திரும்பத் தொடங்கும். மெருகேறிய பந்து நெடுந்தூரம் வழுக்கிச் சென்று கடைசியில் திடீரெனத் திரும்பும். இதெல்லாம் அங்கே வெளிப்படையாகச் செய்யும் ஆயத்தம். ஆனால் போட்டி தொடங்கிய பின் மேற்பரப்பில் கைவைக்க அனுமதியில்லை.

கொல்ப் ஆட்டத்தின் கதை இன்னும் சுவையானது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மரப்பாலால் செய்த வழுவழுப்பான பந்துகள் வந்தன. அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்துகள் புதியவற்றைவிட நன்றாகப் பறப்பதை ஆடியவர்கள் கவனித்தார்கள். பிறகு புதுப்பந்திலேயே வேண்டுமென்று வடுக்களை உண்டாக்கினர். அதன் முதிர்ச்சியே இன்று கொல்ப் பந்தின் மேல் நாம் காணும் சிறு குழிகள். அவையும் காற்றுப் படலத்தைக் கலக்கி, பந்தைத் தொலைதூரம் செல்ல வைக்கின்றன. எனினும் ஆட்டத்தினிடையே பந்தைச் சுரண்டி அதன் இயல்பை மாற்றி ஆடுவதை அங்கும் விதி தடுக்கிறது.

கிரிக்கெட்டின் விதி என்ன? களத்தில் நிற்போர் யாவரும் பந்தைத் தம் உடையில் தேய்த்துப் பளபளப்பாக்கலாம்; ஆனால் செயற்கைப் பொருள் எதுவும் பூசலாகாது; ஆட்டநேரத்தையும் வீணாக்கலாகாது. நடுவரின் கண்காணிப்பில் சேற்றை அகற்றலாம். ஈரமான பந்தைத் துவாயால் துடைக்கலாம். வியர்வையைப் பயன்படுத்தலாம். எச்சிலைப் பூசும் நெடுநாளைய வழக்கம், கொரோனாத் தொற்றின் காரணமாக 2020இல் சர்வதேச ஆட்டங்களில் தற்காலிகமாகத் தடை செய்யப்பட்டு, 2022 ஒக்டோபரில் நிரந்தரத் தடையாயிற்று. தரையில் உரசுதல், நகத்தால் கீறுதல், தையலைக் கிளப்புதல் ஆகியவை குற்றம். அதற்குத் தண்டனையாக எதிரணிக்கு 5 ஓட்டங்கள் வழங்கப்படும்.

எல்லையைத் தாண்டியவர்கள் சிறியோர் மட்டுமல்லர். 1990இல் நியூசிலாந்தின் கிறிஸ் பிரிங்கிள் பைசலாபாத்தில் போத்தல் மூடியால் பந்தைச் சுரண்டி 7 விக்கெட்டுகளை வீழ்த்தியதைப் பிற்காலத்தில் தாமே ஒப்புக்கொண்டார். 2018 மார்ச்சில் கேப்டவுனில் அவுஸ்திரேலியர் மணற்கடதாசியோடு பிடிபட்டனர். அணித்தலைவர் ஸ்டீவ் ஸ்மித்தும் துணைத்தலைவர் டேவிட் வார்னரும் ஓராண்டும், இளைஞரான கெமரன் பான்குரொஃப்ட் ஒன்பது மாதமும் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டனர். நம்மவரும் தப்பவில்லை. அதே ஆண்டு ஜூனில் சென் லூசியாவில், இனிப்பை வாயிலிட்டு அந்த எச்சிலைப் பந்தில் பூசியதாக இலங்கை அணித்தலைவர் தினேஷ் சந்திமால் குற்றவாளியாகக் காணப்பட்டார். குற்றச்சாட்டை எதிர்த்து இலங்கை அணி இரண்டு மணி நேரம் களமிறங்க மறுத்ததும், அதற்காக மேலும் தண்டனை பெற்றதும் நமக்குப் பெருமை தரும் நினைவுகளல்ல.

குற்றச்சாட்டெல்லாம் உண்மையாகி விடுவதும் இல்லை. 2006இல் லண்டன் ஓவல் மைதானத்தில் பந்தைப் பழுதாக்கியதாக நடுவர்கள் பாகிஸ்தானுக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். பின்னர் அதை விசாரித்த இலங்கையரான ரஞ்சன் மடுகல்ல, அக்குற்றத்துக்குப் போதிய சான்றில்லை எனக் கண்டு அணித்தலைவர் இன்சமாமை அதிலிருந்து விடுவித்தார். களமிறங்க மறுத்ததற்காக மட்டும் தண்டித்தார். கை சுத்தமாக இருந்தால் என்றாவது ஒரு நாள் நியாயம் கேட்கலாம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

ஊவாவின் காற்றும் மழையும்

நம் பிள்ளைகளுக்குப் பயன்படக்கூடிய சில குறிப்புகளையும் சொல்லி விடுகிறேன்.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவா மலைகளில் வறண்ட கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகெங்கும் பெயர் வாங்கித் தரும் நறுமணம் பிறப்பது அப்பருவத்தில்தான். அந்நாட்களில் நிலம் காய்ந்து இறுகியிருப்பதால் பந்து தானாகவே விரைவில் கரடாகும். அதனைக் கானில் தேய்க்கவே தேவையில்லை. ஒரு பக்கத்தை மட்டும் காப்பாற்றினால் போதும். வருடக் கடைசியில் வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது நிலைமை மாறும். ஈரம் குடித்த தோல் ஊதிப் பளபளப்பை இழக்கும். அப்போது துவாயே உற்ற நண்பன். நனைந்த பந்தை அடுப்பங்கரையில் வைத்து உலர்த்தும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அது தோலை வெடிக்கச் செய்யும். நிழலில் காற்றாட உலர்த்துவதே நன்று.

அப்புத்தளைப் பக்கத்தில் மூடுபனி இறங்கினால் பந்து அதிகம் வளையும் என்று அனுபவசாலிகள் சொல்வர். ஈரக்காற்று நேரடியாக வளைவைக் கூட்டுகிறது என்பதை ஆய்வுகூடச் சோதனைகள் இதுவரை உறுதிப்படுத்தவில்லை. ஆகவே பனியை நம்பி இராமல் தையலை நம்புவதே புத்தி.

பந்தைப் பேணுவது பதினொருவரின் வேலை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். எந்தப் பக்கம் பளபளக்க வேண்டும் என்பதை முதல் ஓவரிலேயே அணித்தலைவர் தீர்மானித்து எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் வலப்பக்கத்தையும் மற்றவர் இடப்பக்கத்தையும் தேய்த்தால் இரண்டும் கெட்டது. வியர்வைக் கையோடு கரடான பக்கத்தைத் தொடக் கூடாது. விக்கெட் வீழ்ந்ததும் பந்து வீச்சாளரைத் தோளில் தூக்குகிறோம். எல்லைக் கோட்டருகே நின்று, பந்தைத் துடைத்து, உலர்ந்த கையால் திருப்பியனுப்பிய பையனை யாரும் நினைப்பதில்லை. அந்த விக்கெட்டில் அவனுக்கும் பங்குண்டு.

தோற்பந்து இல்லாத மாணவர்கள் ஒரு டென்னிஸ் பந்தின் பாதியில் மட்டும் வழுவழுப்பான ஒட்டுநாடாவைச் சுருக்கமின்றி ஒட்டி வீசிப் பார்க்கலாம். நாடா ஒட்டிய பக்கத்தை ஒருமுறை வலப்புறமும் ஒருமுறை இடப்புறமும் வைத்துப் பத்துப் பத்துப் பந்துகள் வீசி, எத்திசையில் எத்தனை வளைந்தன என்று கொப்பியில் குறித்து வைக்கட்டும். விஞ்ஞானம் தொடங்குவது அந்தக் குறிப்பில்தான்.

அவனுக்குச் சொன்ன விடை

இவற்றுள் ஒரு பகுதியை அன்று அந்தப் பையனிடம் விளக்கினேன். கவனமாகக் கேட்டான். முடிவில், “பெரிய பெரிய ஆட்டக்காரரே செய்திருக்கிறார்களே, சேர். எங்களைப் போன்றவர்களுக்கு வாய்ப்பு வருவதே ஒருமுறைதான்” என்றான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. நகரத்துப் பிள்ளைக்குப் பயிற்றுநர் உண்டு, வலை உண்டு, பெட்டி நிறையப் பந்து உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்கு இருப்பது ஒரு பந்தும் ஒரு கானும். இந்த ஏற்றத்தாழ்வை நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் ஒன்றை மறந்து விட்டான்.

“தம்பி, பதுளையில் தேர்வன்று யாருடைய பந்தில் வீசப் போகிறாய்?”

“அவர்கள் தருகிற பந்தில்தான், சேர்.”

“அப்படியானால் இங்கே நீ சுரண்டிய பக்கம் உன்னோடு பஸ்ஸில் வரப் போவதில்லையே! உன்னோடு வரப் போவது உன் மணிக்கட்டும், தையலை நேராகப் பிடிக்கும் பழக்கமும்தான். இந்த இரண்டு வாரமும் சுரண்டிய பந்து வளைந்தால், வளைத்தது நீயா, கானா என்று உனக்கே தெரியாமல் போகும்.”

அவன் பதில் சொல்லவில்லை. பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மைதானத்துக்குச் சென்று, அணித்தலைவனாக இருந்த பையனிடம் ஏதோ பேசினான். சிறிது நேரம் வாக்குவாதம். எல்லோரும் காசு போட்டு வாங்கிய பந்தல்லவா? கடைசியில் அந்தப் பந்து பயிற்சிக்கு மட்டும் என்றும், அடுத்த பிரிவோடு நடக்கவிருந்த ஆட்டத்துக்கு வேறு பந்து தேடுவதென்றும் முடிவாயிற்று. அதற்கு முன்பணமாகத் தன் பங்கைத் தருவதாக அவனே சொன்னான் என்று பின்னர் அறிந்தேன்.

தேர்வு முடிந்த மறுநாள் அவனிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பாதி தேய்ந்த பந்தொன்றைக் கொடுத்தார்களாம். முதற்பந்து பயத்தில் எங்கோ போய்விட்டதாம். நான்கு பந்துகள் நேராகச் சென்றனவாம். கடைசிப் பந்து மட்டும் துடுப்பாட்டக்காரரின் எதிரே வளைந்து, துடுப்பின் விளிம்பைத் தொட்டுச் சென்றதாம். பெயர்ப் பட்டியல் இன்னும் வரவில்லை. வந்தாலும் அதில் தன் பெயர் இருக்குமோ இராதோ தெரியாது என்றான். குரலில் கவலை இருந்தது. அதைவிட மேலான ஒன்றும் இருந்தது.

“அந்த ஒரு பந்து நான் வளைத்தது, சேர்” என்றான்.

பட்டியல் எப்படி வந்தாலும், அந்தப் பந்தை அவனிடமிருந்து இனி எவரும் எடுத்து விட முடியாது.